ஏற்காட்டு ஜீப்

கதை எழுதுகிறவன் கண்ணில் பழைய சாமான் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் உடனே அதற்கு ஒரு பூர்வோத்தரம் கற்பித்துவிடுவான். பிறகு உண்மை வந்து வாசற்படியில் நின்று கூப்பிட்டாலும் அவன் காதில் விழாது. இது என் சொந்த அனுபவம். இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஏற்காட்டில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது.

பாதியில் நின்று போன நாவல் ஒன்றை முடிக்கலாம் என்று அங்கே போயிருந்தேன். சேலத்து வெயிலை விட்டு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால் வேறு உலகம். ஏறக்குறைய 5,000 அடி உயரம். நெட்டையாகச் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. என் நண்பருக்கு அங்கே சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. அவருடைய தகப்பனார் ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கியது. "உங்களை இங்கே யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்" என்று சொல்லி ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் எனக்கு எழுத்து ஓடுவதில்லை. மூன்றாம் நாள் காலையில் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்தைச் சுற்றிவரக் கிளம்பினேன்.

கொட்டகையின் மூலையில், சாக்கு மூட்டைகளுக்கும் உடைந்த ஏணிக்கும் நடுவே ஒரு ஜீப் நின்றது. நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதிகம் இல்லை. ஆனால் இந்த ஜீப் மற்ற ஜீப்புகளைப் போல இல்லை என்பது எனக்கே தெரிந்தது. முன் பம்பரின் நடுவில் ஒரு முழ உயரத்துக்கு இரும்புக் கட்டை ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. அது ஒரு காலத்தில் உயரமாக இருந்திருக்கிறது. யாரோ ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். பானெட்டின் இரு பக்கமும் உளியால் வெட்டியது போல் நீள நீளமான கீறல்கள். முன்விளக்குகளுக்குப் பின்னால் ஒரு திருகாணி. அதைத் தளர்த்தினால் விளக்கு அப்படியே திரும்பி எஞ்சினைப் பார்த்தது. டாஷ்போர்டில் ரம்பப் பல் மாதிரி வெட்டிய ஒரு பட்டை, அதில் மாட்டிக்கொள்ள ஒரு கைப்பிடி. பின்பக்கத் தகட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டத் துளை. அந்தத் துளையின் மேல் அரைச் சந்திரன் வடிவத்தில் தகரக் கவசம் ஒன்று, ஆணி அடித்துப் பொருத்தியது. துளைக்குக் கீழே இரண்டு பெரிய வளையங்கள். வண்டியின் தரை முழுவதும் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது.

காலைப் பலகாரத்தின்போது நண்பரிடம் கேட்டேன்.

"அதுவா? துரை காலத்து வண்டி. யுத்தத்தில் ஓடினதாம். அதை வாங்கத்தான் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து போய்க்கொண்டிருக்கிறார். பழைய ராணுவ வண்டிகளைச் சேர்க்கிறவர். நல்ல விலை சொல்கிறார். அந்த ஓட்டை உடைசலையெல்லாம் எடுத்துவிட்டு, 1943-ல் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவாராம்."

யுத்தம் என்ற வார்த்தை போதாதா? அன்று பகல் முழுவதும் நான் நாவலைத் தொடவில்லை. கையிலிருக்கும் தொலைபேசியைத் தட்டினால் உலகத்து நூலகமெல்லாம் விரிகிற காலம் இது. ஜீப்பின் சரித்திரத்தில் இறங்கிவிட்டேன்.

அது சுவாரசியமான சரித்திரம். 1940-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு, தான் ஒதுங்கி நிற்க முடியாது என்று அமெரிக்காவுக்குத் தெரிந்து போயிற்று. எந்த நிலத்திலும் ஓடும் சின்ன வண்டி ஒன்று வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது. பெரிய முதலாளிகள் இது ஆகாத காரியம் என்று இருந்துவிட்டார்கள். பென்ஸில்வேனியாவில் திவாலாகும் நிலையில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி துணிந்து இறங்கியது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற எஞ்சினீயரைப் பிடித்து வரைபடம் போடச் சொன்னார்கள். அவர் சில நாளில் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிகிற நாளில், வண்டி போய்ச் சேர்ந்தது. ராணுவம் ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. சந்தோஷப்பட்டு என்ன செய்தது தெரியுமா? அந்த வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. யுத்தம் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் 6 லட்சம் ஜீப்புகளுக்கு மேல் செய்து தள்ளின. பாண்டத்தின் பங்கு மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. பிறகு அந்தக் கம்பெனியார் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் இழுவை வண்டி செய்துகொண்டிருந்தார்கள்.

படித்துக்கொண்டே போனபோது பம்பர்க் கட்டைக்கும் பதில் கிடைத்துவிட்டது. 1944-ல் ஐரோப்பாவில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் சாலைக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார்களாம். முன்கண்ணாடியை மடக்கிவிட்டு ஜீப்பில் வேகமாக வருகிறவன் தலை என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம். அதற்காக ஜீப்பின் முன் பம்பரில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புத் தூண் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் கம்பியைப் பிடித்து அறுக்க ஒரு கொக்கியும் வைத்தார்கள். நம் ஜீப்பின் கட்டை அந்தத் தூணின் மிச்சமேதான்! ஐரோப்பா எங்கே, ஏற்காடு எங்கே என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. கப்பலில் வந்திருக்கும் என்று அதன் வாயை அடைத்தேன். பானெட்டின் கீறல்கள் குண்டுச் சிதறல்கள் ஆயின. அரைச் சந்திரக் கவசம் முதுகுக்குக் காவல். வட்டத் துளை மட்டும் மசியவில்லை. அதன் வழியாகத் துப்பாக்கி நீட்டினார்களோ?

இன்னொரு யோசனையும் வந்தது. காஷ்மீர்ச் சண்டையின்போது, 1948-ல், லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் 2,000 பழைய ஜீப்புகளுக்கு ஏற்பாடு செய்தார். வந்து சேர்ந்தவை 155. அவையும் ராணுவத்துக்கு உதவவில்லை என்று பார்லிமெண்டில் பெரிய ரகளை ஆயிற்று. அந்த 155-ல் ஒன்றாக இருந்தால்? என் கற்பனைக் குதிரைக்கு அன்று கடிவாளமே இல்லை.

சாயங்காலம் நோட்டுப் புத்தகத்துடன் மறுபடி கொட்டகைக்குப் போனேன். முன்கிராதியின் துவாரங்களை எண்ணினேன். ஒன்பது. ராணுவ ஜீப்புக்கு ஒன்பது, யுத்தத்துக்குப் பின் ஊர் ஜனங்களுக்காக வந்த ஜீப்புக்கு ஏழு. ஆக, ராணுவ வண்டி என்பது நிச்சயம். ஆனால் அதே சமயத்தில் ஓர் அடியும் விழுந்தது. ஏதோ ஒரு கைதேர்ந்த கொல்லன் செய்த விசித்திரம் என்று நான் வியந்த திரும்பும் விளக்கு, கம்பெனியிலேயே செய்தது! இரவில் எஞ்சின் பழுதானால் வெளிச்சம் வேண்டும் என்று ஒவ்வொரு ராணுவ ஜீப்பிலும் அப்படி வைத்திருந்தார்கள். நான் உள்ளூர் வேலை என்று நினைத்தது அமெரிக்காவில் செய்தது. அப்படியானால் யுத்தத்தின் வடு என்று நான் நினைத்ததெல்லாம் எங்கே செய்தது?

சந்தேகம் வந்துவிட்டால் கற்பனைக்குக் கால் நொண்டும். தரையிலிருந்த நீலப் பொருக்கைச் சுரண்டிப் பார்த்தேன். அதற்குக் கீழே இரும்பை அரித்துத் தின்றிருந்தது. எந்தப் போர்முனையிலும் இப்படி ஒரு நீலம் இருந்ததாக நான் படிக்கவில்லை.

"யாருங்க அது, வண்டிகிட்ட?"

திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியிருக்கும். காது மூடிய தலைப்பாகை, தோளில் துண்டு, இடது கை துண்டுக்குள்ளே. தோட்டத்தில் ஐம்பது வருஷம் டிரைவராக இருந்தவர்; இப்போது லைனுக்குப் பின்னால் மகன் வீட்டில் இருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் யாரென்று சொல்லி, யுத்தத்தைப் பற்றியும் கம்பி அறுக்கும் தூணைப் பற்றியும் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"சண்டையில ஓடுச்சோ ஓடலையோ, எனக்குத் தெரியாதுங்க. டிஸ்போஸல்ல எடுத்தாரு துரை. நான் கிளீனர் பையனா சேர்ந்தப்ப இங்கதான் இருந்துச்சு. நீங்க சொல்ற அந்தக் கட்டை இருக்குதே, அது ஹோஸ் சுத்தி வைக்கிற உருளைக்குங்க."

"ஹோஸா?"

"மருந்து அடிக்கிற ரப்பர்க் குழாய். முந்நூறு நானூறு அடி இருக்கும். பின்னால பம்பும் பீப்பாயும் ஏத்திட்டா ஏத்தத்துல முன்சக்கரம் லேசாயிரும், ஸ்டீரிங் பிடிக்காது. அதனால குழாயை முன்னால சுத்தி வைப்போம். பாரம் சரியாப் போயிரும்."

என் ஜெர்மானியர்கள் அந்த நிமிஷத்தில் காப்பித் தோட்டத்தை விட்டு ஓடினார்கள்.

பெரியவர் குனிந்து, வலது கையால் வண்டியின் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு வட்ட மூடி. அதைக் கழற்றினால் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்காமல் நேரே பின்பக்கம் கொண்டுவந்துவிடலாம். ராணுவத்தில் அந்த மூடியைத் திறக்க வேண்டிய அவசியம் அநேகமாக வரவில்லை. ஆனால் யுத்தம் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனிக்கு ஒரு கவலை வந்தது. சண்டை இல்லாத உலகத்தில் ஜீப்பை யாரிடம் விற்பது? 1945-ல் அவர்கள் குடியானவனிடம் போனார்கள். உழலாம், இழுக்கலாம், பின்னால் ஒரு புல்லியை மாட்டிக்கொண்டு கதிரடிக்கலாம், மரம் அறுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த வண்டிகளுக்குப் பின்தகட்டில் துளையைக் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. 1945 அக்டோபரில் லூதியானாவில் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி, பிறகு பம்பாயில் பூட்டி விற்றதும் வில்லிஸ் ஜீப்தான். அதற்குள் தேசம் இரண்டாகிவிட்டது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதி மந்திரியானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயரில் முகம்மது போய் இன்னொரு மகிந்திரா வந்தது.

ராணுவ வண்டிக்கோ துளை கிடையாது. இதற்கு அதைப் போட்டவர் யார்?

"துரை செய்ததாக உங்கள் முதலாளி சொல்கிறாரே?" என்றேன்.

"துரை பணம் குடுத்தாருங்க. செஞ்சது சேலத்துல லாரிப் பட்டறை வெச்சிருந்த மேஸ்திரி. ரெண்டு தடவை மலைக்கு வந்து, பழம் அரைக்கிற மெஷினை அளந்துக்கிட்டுப் போனாரு. எழுதப் படிக்கத் தெரியாது. நூல்ல முடிச்சுப் போட்டுத்தான் அளவு எடுத்தாரு."

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820-களில் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து தோட்டக்காரனுக்கு ஒரு விதி மாறவில்லை. காலையில் பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் குவியல் சூடேறிப் புளித்து, காப்பியின் ருசி போய்விடும். மின்சாரம் இல்லாத தோட்டத்தில் பல்ப்பரைக் கையால் சுற்ற ஆள் போட வேண்டும். மேஸ்திரியின் ஏற்பாட்டில், அந்தி நேரம் ஜீப்பைப் பின்பக்கமாகப் பல்ப்பர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வளையங்களில் சங்கிலி மாட்டிக் கல்தூணில் இழுத்துக் கட்டுவார்கள், பெல்ட் தொய்யாமல் இருக்க. பெல்ட்டை எட்டு மாதிரி ஒரு முறுக்கு முறுக்கிப் போட வேண்டும். நேராகப் போட்டால் பல்ப்பர் எதிர்ப்பக்கம் சுற்றும். ரம்பப் பல் பட்டையில் கைப்பிடியை எந்தப் பல்லில் மாட்டுகிறோமோ அந்த வேகத்தில் எஞ்சின் நிற்கும். "மூணாவது பல்லுல பழம், அஞ்சாவது பல்லுல மருந்துப் பம்ப்" என்றார் பெரியவர். ஓடாமல் நின்ற இடத்திலேயே ராத்திரி பத்து மணிவரை உறுமும் எஞ்சினுக்கு எதிர்க்காற்று ஏது? அது கொதிக்காமல் இருக்கத்தான் பானெட்டில் கீறல்கள். கம்பெனி வைத்த திரும்பும் விளக்கு அப்போது நன்றாக உதவியதாம். ரேடியேட்டர் ஆவி விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது கிளீனர் பையனின் வேலை.

மயில் கழுத்து நீலம் என்னவென்று நானே ஊகித்துவிட்டேன். மயில்துத்தம். அதற்குப் பின்னாலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1869-ல் இலங்கையில் காப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி மாதிரி ஒரு நோய் தோன்றியது. துருநோய் என்கிறோம். இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்துவிட்டது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அது விடவில்லை. மருந்து கிடைத்தது காப்பி விளையாத பிரான்ஸில். போர்தோ பக்கத்துத் திராட்சைக் குடியானவர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைப்பார்கள். பார்த்தால் விஷம் போல இருக்கும் அல்லவா? 1882-ல் மில்லார்தே என்ற தாவர சாஸ்திரி அந்த வழியாகப் போனார். தோட்டத்தின் உள்ளே கொடிகள் நோயில் கருகிக் கிடக்க, திருடனுக்குப் பயந்து தெளித்த ஓரத்துக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்ததைக் கவனித்தார். 1885-ல் முறையை வெளியிட்டார். அந்தப் போர்தோக் கலவைதான் நம் காப்பித் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். அதற்குப் பம்பின் வேகம் வேண்டும்.

"சுண்ணாம்பு சரியா இருக்கான்னு எப்படிப் பார்ப்பீர்கள், ஐயா?"

"கத்தியை முக்கிப் பார்ப்போமுங்க. எடுத்தா செவப்பாப் படிஞ்சிருந்துச்சுன்னா சுண்ணாம்பு பத்தலை. அப்படியே அடிச்சா இலை கருகிப் போயிரும். இரும்புப் பாத்திரத்துல கலக்கவும் கூடாது, தின்னுரும். பீப்பாய் மரப் பீப்பாய்தான். ஆனா சிந்தினது வண்டியைத் தின்னுருச்சு."

எல்லாம் தீர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அரைச் சந்திரத் தகரத்தைக் காட்டி, "இதையும் மேஸ்திரிதான் செய்தாரா?" என்று கேட்டேன். மற்ற வேலைகளில் இருந்த சுத்தம் அதில் இல்லை. மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்து அவசரமாக அடித்தது போல் இருந்தது.

"அவருதாங்க. ஆனா மத்ததோட செஞ்சதில்லை. அது பின்னால வந்தது."

துண்டை விலக்கி இடது கையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை.

"பதினாறு வயசு. பெல்ட்டு வழுக்குச்சு. குங்கிலியப் பொடி போடச் சொன்னாங்க, போட்டேன். ஓடுறப்பப் போட்டிருக்கக் கூடாது. மேஸ்திரிக்குச் சேதி போனதும், அடுத்த பஸ்ஸுல வந்துட்டாரு. யாரும் கூப்பிடலை. சோறு திங்காம உக்காந்து இதை அடிச்சாரு. 'மொதல்லயே செஞ்சிருக்கோணும், மொதல்லயே செஞ்சிருக்கோணும்'னு சொல்லிக்கிட்டே அடிச்சாரு. காசு வாங்கலை."

நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். முதுகுக்குக் காவல் என்று அதில் காலையில் எழுதியிருந்தேன்.

இரவு சாப்பாட்டின்போது நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுத்தான் பேசினேன் போலிருக்கிறது. 1943-ல் இந்த வண்டி இருந்த மாதிரி உலகத்தில் ஆறு லட்சம் வண்டிகள் இருந்தன. இந்த மலையில் இருந்தது ஒன்றுதான். துளையை அடைத்துவிட்டால் இங்கே இருபது வருஷம் நடந்த காரியத்துக்குச் சாட்சி எது? என்று கேட்டேன். நண்பர் நியாயஸ்தர். என் கட்சியை ஒப்புக்கொண்டார். அதே சமயம், அந்த வருஷம் மிளகு காய்க்கவில்லை, பல்ப்பர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதையும் எடுத்துச் சொன்னார். சரித்திரத்துக்குக் கூரை போட நானா பணம் கொடுக்கப் போகிறேன்? பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் பெரியவரிடமே போய், வண்டியை விற்பதில் அவருக்கு வருத்தம் உண்டா என்று கேட்டேன்.

"வித்துக்கட்டுங்க. சும்மா கிடந்து என்ன பண்றது? அந்தத் தகரத்தை மட்டும் கழட்டிக் குடுத்தாங்கன்னா கோழிக்கூண்டுக்கு மேல போட்டுக்குவேன். மழை ஒழுகுது."

நாவல் முடியாமலே ஊர் திரும்பினேன்.

சென்ற ஜனவரியில் சென்னையில் பழைய மோட்டார் வண்டிகளின் ஊர்வலம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வரிசையில் நாலைந்து ஜீப்புகள் நின்றன. அதில் ஒன்று பச்சைப் பசேல் என்று, பானெட்டில் வெள்ளை நட்சத்திரத்தோடு, புதுமாப்பிள்ளை போல் இருந்தது. முன் பம்பரில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்புத் தூண், உச்சியில் கொக்கி. பர்மா போர்முனையில் பணியாற்றியது என்று அட்டை ஒன்று தொங்கியது. பர்மாவில் ஜெர்மானியர்கள் எங்கே வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிறு பையன்கள் அந்தத் தூணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தகப்பனார் ஒருவர் தம் பையனுக்குக் கம்பியையும் கழுத்தையும் பற்றி ரசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வண்டியின் பின்பக்கம் போனேன். பெயிண்ட் வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் சாய்ந்து, வெயில் படுகிற கோணத்தில் பார்த்தால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக வெல்டிங் தழும்பு தெரிந்தது.

அன்று இரவே நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பல்ப்பர் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்றார்.

"அந்தத் தகரம்?" என்று கேட்டேன்.

"அது அன்றைக்கே பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டதே. கோழிக்கூண்டுக்குச் சரியாகப் பொருந்தவில்லையாம். இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை வெட்டித்தான் வைத்தாராம்."